விண்வாயில் திறந்த மரியா மிட்செல்

வானத்தைப் பாடாத கவிஞர் இல்லை. மங்கையின் முகத்துக்கு நிலவை உவமை கூறாத இலக்கியமும் அரிது. ஆயினும், அந்நிலவைத் தொலைநோக்கி வழியே கண்டு, அதன் இயக்கத்தைக் கணித்து, கண்டதைத் தன் பெயரால் உலகுக்கு அறிவிக்கும் உரிமை பெண்ணுக்கு எப்போது கிடைத்தது என்று வினவினால், விடை கூறுவது எளிதன்று. திருமண நாளில் மணமகளுக்கு அருந்ததியைக் காட்டுவது நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். அந்த ஒரு விண்மீனைக் கண்டபின் அவள் இல்லத்தினுள் சென்றுவிட வேண்டும். எஞ்சிய வானம் அவளுக்கு உரியதன்று. பிற நாடுகளிலும் நிலைமை இதனினும் மேம்பட்டதாக இருக்கவில்லை.

அமெரிக்க நாட்டில் இந்நிலையை மாற்ற முற்பட்டவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் மரியா மிட்செல் அம்மையார். ஒரு வால்மீனைக் கண்டுபிடித்ததால் அவருக்குப் புகழ் வந்தது. அப்புகழைத் தமக்கு மட்டுமே உரிய அணிகலனாகப் பூண்டு மகிழாமல், பிற பெண்கள் நுழைவதற்குரிய வாயிலாக அதனை ஆக்கியதால் அவருக்குப் பெருமை வந்தது. புகழுக்கும் பெருமைக்கும் உள்ள இந்த வேறுபாடே அவருடைய வாழ்க்கை வரலாற்றின் உட்பொருள்.

திமிங்கிலத் தீவு

மாசச்சூசெட்ஸ் மாநிலக் கடற்கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில், நான்டக்கெட் என்றொரு சிறு தீவு உண்டு. அத்தீவில் 1818ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் மரியா பிறந்தார். தந்தையார் வில்லியம் மிட்செல், தாயார் லிடியா. பத்து மக்களுள் மரியா மூன்றாமவர். அக்காலத்தில் நான்டக்கெட் திமிங்கில வேட்டைக்குப் பெயர் பெற்ற துறைமுகம். அத்தீவின் ஆடவர் கப்பலேறிச் சென்றால் திரும்பி வர மூன்றாண்டு, நான்காண்டு ஆகும். அதுவரை வீட்டையும் கடையையும் வரவு செலவையும் பெண்களே நடத்தினர். பெண்ணால் இயலாது என்னும் பேச்சு பிற ஊர்களைப்போல் அவ்வூரில் எளிதில் எடுபடவில்லை.

மிட்செல் குடும்பத்தினர் குவேக்கர் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த கல்வி வேண்டும் என்பது அப்பிரிவினரின் கொள்கை. தந்தையார் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பின்னர் வங்கியில் காசாளரானார். வானியலில் தணியாத வேட்கை கொண்டவர். கடலோடிகளுக்கு வானியல் பொழுதுபோக்கன்று. உயிர் காக்கும் கல்வி. கப்பலிலுள்ள கடிகாரம் சிறிது பிழைத்தாலும் கப்பல் நிற்கும் இடம் பிழைபடும். இடம் பிழைபட்டால் பாறையில் மோத நேரும். ஆதலால் கரை சேர்ந்த கப்பல்களின் கடிகாரங்களை விண்மீன்களின் இயக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்தித் தரும் பணியை வில்லியம் மிட்செல் செய்து வந்தார். அப்பணியில் அவருக்குத் துணை நின்றவர் மரியா. பதினான்கு வயதிலேயே, தந்தையார் ஊரில் இல்லாதபோது, கப்பல் தலைவர்கள் தம் கடிகாரங்களை அச்சிறுமியிடம் நம்பி ஒப்படைத்தனர்.

1831ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் நான்டக்கெட்டில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. தந்தையார் தொலைநோக்கியில் கண் பதித்திருந்தார். பன்னிரண்டு வயது மரியா அருகில் நின்று நொடிகளை எண்ணிச் சொன்னார். அந்த அளவுகளைக்கொண்டு தம் இல்லம் அமைந்த இடத்தின் தீர்க்கரேகையைத் தந்தையார் கணித்தார். வானத்தை வியந்து பார்ப்பது வேறு, அளந்து பார்ப்பது வேறு என்பதை அச்சிறுமி அன்றே உணர்ந்துகொண்டார்.

நூலகத்தில் இருபது ஆண்டுகள்

1835ஆம் ஆண்டு மரியா ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். அக்காலத்தில் நான்டக்கெட்டின் பொதுப் பள்ளிகளில் கறுப்பின மக்களின் குழந்தைகளுக்கு வெள்ளையரோடு சேர்ந்து கற்கும் உரிமை இல்லை. மரியாவின் பள்ளியோ நிறம் பாராமல் எல்லாக் குழந்தைகளையும் ஏற்றுக்கொண்டது. அடிமைகளின் உழைப்பால் விளைந்தது என்பதற்காகப் பருத்தி ஆடை உடுத்துவதையும் பிற்காலத்தில் அவர் விட்டொழித்தார். நீதி என்பது ஒருவர்க்கு மட்டும் வழங்கப்படும்போது நீதியாகாது என்னும் எண்ணம் அவருள் இளமையிலேயே வேரூன்றியது. பெண்கள் பொருட்டு அவர் பின்னாளில் ஆற்றிய பணிகளுக்கு இதுவே அடிப்படை.

1836ஆம் ஆண்டு ஊரிலிருந்த அத்தீனியம் என்னும் நூலகத்தில் நூலகர் பொறுப்பை ஏற்றார். இருபது ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தார். பெண்ணுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டிருந்த காலத்தில் அந்நூலகமே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. வாசகர் வாராத பொழுதுகளில் லாப்லாசின் வான இயக்கவியலையும், கோள்களின் பாதைகளைக் கணிக்கும் முறை பற்றிக் கவுசு எழுதிய நூலையும் தாமே முயன்று கற்றார். ஆசிரியர் இல்லை, தேர்வு இல்லை, பட்டம் இல்லை. இரவில், குடும்பம் குடியிருந்த வங்கிக் கட்டடத்தின் மேற்றளத்தில் தொலைநோக்கியோடு அமர்ந்து, பகலில் கற்றதை வானத்தில் சரிபார்த்தார்.

1846ஆம் ஆண்டு சூலையில் நான்டக்கெட் நகரைப் பெருந்தீ விழுங்கியது. நூலகமும் அதன் நூல்களும் எரிந்துபோயின. ஊராரின் சொந்தக் கடிதங்களும் ஏடுகளும் தெருவில் சிதறிப் பறந்ததைக் கண்ட மரியா, தம் அந்தரங்கம் பிறர் கையில் சிக்குதல் கூடாது எனக் கருதி, தம் இளமைக்கால நாட்குறிப்புகளைத் தாமே எரித்துவிட்டார் என்பர். பின்னர் நூலகத்துக்குரிய நூல்களை ஒவ்வொன்றாக மீண்டும் திரட்டி, அதனை உயிர்ப்பித்தவரும் அவரே.

வால்மீன்

1847ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இரவு. மிட்செல் இல்லத்தில் விருந்தினர் கூடியிருந்தனர். வழக்கம்போல் மரியா மேற்றளத்துக்குச் சென்று வானத்தை ஆராய்ந்தார். இரவு பத்தரை மணியளவில், துருவ விண்மீனுக்கு ஏறக்குறைய ஐந்து பாகை மேலே, மங்கலான ஒளித்திட்டு ஒன்று தெரிந்தது. அவ்விடத்தில் அத்தகைய பொருள் எதுவும் இல்லை என்பதை, அப்பகுதி வானத்தை மனப்பாடமாக அறிந்திருந்த அவர் உடனே உணர்ந்தார். அது ஒரு புதிய வால்மீன். தந்தையாரிடம் கூறினார், தந்தையார் வந்து பார்த்து, மகளின் முடிவை உறுதி செய்தார். அப்போது மரியாவுக்கு வயது இருபத்தொன்பது.

தொலைநோக்கியால் மட்டுமே காணத்தக்க வால்மீனை முதலில் காண்பவர்க்குத் தங்கப் பதக்கம் வழங்கப்படும் என டென்மார்க்கு மன்னர் ஆறாம் பிரடெரிக்கு 1831இல் அறிவித்திருந்தார். மரியாவோ தம் பெயரை வெளியிடத் தயங்கினார். தந்தையாரே ஆர்வர்டு வானாய்வகத்தின் தலைவர் வில்லியம் பாண்டு என்பார்க்கு மடல் வரைந்தார். ஆனால் தீவிலிருந்து மடல் சென்று சேரக் காலந்தாழ்ந்தது. இதற்கிடையில் அக்டோபர் 3ஆம் நாள் உரோம் நகரில் பிரான்செசுகோ டி விக்கோ என்னும் பாதிரியார் அதே வால்மீனைக் கண்டார். ஐரோப்பாவில் முதலில் பரவிய பெயர் அவருடையதே. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த எட்வர்டு எவரெட்டு இச்செய்தியைத் தம் சொந்த வழக்கைப்போல் எடுத்துக்கொண்டு, டென்மார்க்கு அரசுக்குச் சான்றுகளோடு எழுதினார். இரண்டு நாள் முந்தியவர் மரியாவே என்பது நிலைநாட்டப்பட்டு, 1848இல் தங்கப் பதக்கம் அவருக்கே வழங்கப்பட்டது.

மரியாவுக்கு முன்னரே வால்மீன்களைக் கண்ட பெண்மணி ஒருவர் உண்டு. இங்கிலாந்தில் வாழ்ந்த கரோலின் எர்செல் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பல வால்மீன்களைக் கண்டவர். எனினும் தமையனாரின் துணையாளர் என்னும் நிழலிலேயே உலகம் அவரை நெடுநாள் வைத்திருந்தது. அவ்வம்மையார் தம் தொண்ணூற்றேழாம் வயதில் மறைந்தது 1848 சனவரியில்; மரியா வால்மீனைக் கண்ட சில திங்களுக்குள்.

அடிக்கப்பட்ட ஒரு சொல்

பதக்கம் வந்த ஆண்டிலேயே, பாசுடன் நகரிலுள்ள அமெரிக்கக் கலை, அறிவியல் கழகம் மரியாவை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அக்கழகத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவரே. ஆனால் கழகத்தின் சான்றிதழ் ஆடவர்க்கென்றே அச்சிடப்பட்டிருந்தது. செயலராக இருந்த தாவரவியல் அறிஞர் அசா கிரே, உறுப்பினரைக் குறிக்கும் அச்சுச் சொல்லை அடித்துவிட்டு, கௌரவ உறுப்பினர் என்று கையால் எழுதி அனுப்பினார். அறிவுக்கு மதிப்பளிக்கலாம், ஆனால் சரியாசனம் தரலாகாது என்பதே அந்த மைக்கோட்டின் பொருள்.

1849ஆம் ஆண்டு அமெரிக்க அரசு கடலோடிகளுக்கென வானியல் பஞ்சாங்கம் ஒன்றைத் தொகுக்க முற்பட்டது. அதற்காக வெள்ளிக்கோளின் நிலைகளைக் கணித்துத் தரும் பணி மரியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆண்டுக்கு 300 டாலர் ஊதியம். 1868 வரை இப்பணியை அவர் தொடர்ந்து செய்தார். இன்றைய கணிப்பொறிகள் நொடியில் செய்வதை அன்று தாளும் பேனாவும் கொண்டு பெண்ணொருவர் செய்தார். கப்பல்கள் அக்கணக்கை நம்பிக் கடல் கடந்தன.

உரோம் நகரில் ஒரு மாலை

1857இல் சிகாகோ நகரச் செல்வர் ஒருவரின் மகளுக்குத் துணையாக ஐரோப்பியப் பயணம் செய்யும் வாய்ப்பு மரியாவுக்குக் கிட்டியது. கிரீனிச்சு வானாய்வகத்தைக் கண்டார். சர் சான் எர்செல் தம் அத்தையார் கரோலினின் கையெழுத்தேடு ஒன்றை அவருக்கு அன்பளிப்பாகத் தந்தார். பெர்லினில் முதுபேரறிஞர் அம்போல்டையும், புளோரன்சில் கணித மேதை மேரி சாமர்வில் அம்மையாரையும் கண்டு உரையாடினார். பெண்ணுக்குக் கல்வியால் வரும் கம்பீரத்தை முதுமையிலும் குன்றாமல் தாங்கி நின்ற சாமர்வில் அம்மையாரின் உருவம் மரியாவின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1858இல் அவர் உரோம் நகரை அடைந்தார். டி விக்கோ வானாய்வு செய்த உரோமைக் கல்லூரியின் வானாய்வகத்தைக் காண விரும்பினார். அப்போது அதன் தலைவராக இருந்தவர், சூரிய ஆராய்ச்சியில் பேர்பெற்ற செக்கி பாதிரியார். அவ்விடம் துறவியர்க்கு உரியது. பெண்கள் நுழைதல் ஆகாது. தாம் கண்ட வால்மீனை இரண்டு நாள் பிந்திக் கண்டவர் பணிபுரிந்த இடத்துக்குள், முந்திக் கண்டவர் நுழைய முடியவில்லை. மரியா தளரவில்லை. பலர் துணையோடு விண்ணப்பித்து, திருத்தந்தையின் மேலிடத்திலிருந்து இசைவு பெற்றார். செக்கி பாதிரியார் அன்போடு வரவேற்றுக் கருவிகளைக் காட்டினார். ஆனால் இசைவில் ஒரு வரம்பு இருந்தது. இருட்டுமுன் அவர் வெளியேறிவிட வேண்டும்.

வானியல் அறிஞரை வானாய்வகத்துக்குள் விட்டு, விண்மீன்கள் தோன்றுமுன் வெளியே அனுப்பிவிட்டார்கள். இரவில் அத்தொலைநோக்கி வழியே வான்முகிற் படலங்களைக் காண விழைந்த அவருடைய ஆவல் நிறைவேறவில்லை. அறிவுலகம் பெண்ணுக்குக் காட்டிய பரிவு முழுவதையும் இந்த ஒரு நிகழ்ச்சியில் காணலாம். வாயில் திறக்கும், ஆனால் இரவு வருமுன் மூடிவிடும். அவ்வாயிலை இரவிலும் திறந்திருக்கச் செய்வதே பின்னாளில் அம்மையாரின் வாழ்நாட் பணியாயிற்று.

தாயகம் திரும்பியபோது அவருக்கு ஒரு நற்செய்தி காத்திருந்தது. எலிசபெத்து பீபாடி என்னும் கல்வியாளரின் முயற்சியால் அமெரிக்கப் பெண்கள் தம்முள் நிதி திரட்டினர். அந்நிதியால் ஆல்வன் கிளார்க்கு செய்த ஐந்து அங்குலத் தொலைநோக்கி ஒன்று 1859இல் மரியாவுக்குக் கிடைத்தது. ஓர் அரசன் தந்த பதக்கத்தினும் முகமறியாப் பெண்கள் பலர் சேர்ந்து தந்த அக்கருவி பொருள் மிக்கது.

வாசர் கல்லூரி

1861இல் தாயார் மறைந்தபின் மரியா தந்தையாருடன் லின் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். அக்காலத்தில், நியூயார்க்கு மாநிலத்துப் பொகீப்சி நகரில், மது வடிக்கும் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய மேத்தியூ வாசர் என்பவர் பெண்களுக்கென ஒரு கல்லூரி நிறுவினார். ஆடவர் கல்லூரிகளுக்கு நிகரான கல்வியைப் பெண்களுக்கு அளிப்பது அவர் நோக்கம். வானியல் பேராசிரியராக மரியாவை அழைத்தனர். பெண்ணொருத்தி பேராசிரியராவதைக் கல்லூரியின் ஆட்சிக்குழுவிலேயே சிலர் விரும்பவில்லை. கல்லூரிப் பட்டம் எதையும் படித்துப் பெறாத தமக்கு அத்தகுதி உண்டோ என மரியாவே ஐயுற்றார். முடிவில் இசைந்தார். 1865இல் கல்லூரி 300க்கும் மேற்பட்ட மாணவியரோடு திறக்கப்பட்டது. அதன் கட்டடங்களுள் முதலில் முற்றுப்பெற்றது வானாய்வகமே. அதில் நிறுவப்பட்ட பன்னிரண்டு அங்குலத் தொலைநோக்கி அந்நாளில் அமெரிக்காவின் மிகப்பெரிய தொலைநோக்கிகளுள் ஒன்று. அம்மையாரும் தந்தையாரும் அவ்வானாய்வகத்திலேயே குடியிருந்தனர். 1869இல் தந்தையார் மறையும்வரை அது நீடித்தது.

கல்லூரியில் மாணவியர் இரவு பத்து மணிக்கு விளக்கணைத்து உறங்க வேண்டும் என்பது விதி. விண்மீன்களோ அவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை. உரோம் நகரில் மாலையில் வெளியேற்றப்பட்ட அம்மையார், தம் மாணவியரை நள்ளிரவிலும் வானாய்வகத்துக்கு அழைத்தார். பனிக்காலத்துக் கடுங்குளிரிலும் அவர்கள் தொலைநோக்கியின் அருகில் நின்று பயின்றனர். விதிகளைக் காட்டிக் கடிந்தவர்களோடு வாதிடவும் அவர் தயங்கவில்லை. மதிப்பெண் இடுவதை அவர் ஏற்கவில்லை. ஒரு மனத்தின் ஆற்றலை எண்ணால் அளக்க இயலாது என்பது அவர் கருத்து. மாணவி ஒருத்தி எதையேனும் கூறினால், அது நூலில் கண்டதா, தானே நோக்கி அறிந்ததா என்று வினவுவது அவர் வழக்கம். 1873 முதல் மாணவியரின் துணையோடு சூரியனை நாள்தோறும் ஒளிப்படமெடுத்து, சூரியப் புள்ளிகளின் மாற்றங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார்.

இலக்கிய அன்பர்கள் மகிழத்தக்க செய்தியும் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் கல்வியாண்டின் இறுதியில் வானாய்வகக் கூண்டின் கீழ் அம்மையார் மாணவியர்க்கு விருந்தளிப்பார். பெரிய தொலைநோக்கியைச் சுற்றிச் சிறு மேசைகள் இடப்படும். விருந்து முடிந்ததும் கவியரங்கம். ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் அம்மையாரே நகைச்சுவை கலந்த சிறு பாடல்களைப் புனைந்து வைத்திருப்பார். மாணவியரும் தம் பாடல்களைப் படிப்பர். கணக்கும் கவிதையும் பகையல்ல என்பது அங்கே கற்பிக்கப்படாமலே கற்கப்பட்டது. கற்பனையாற்றல் இல்லாதவர் சிறந்த அறிவியலாராக இயலாது என்று அவர் உறுதியாக நம்பினார்.

ஊதியத்தில் நீதி

அம்மையாருக்குக் கல்லூரி வழங்கிய ஊதியம் ஆண்டுக்கு 800 டாலர். அதனோடு அவருக்கும் தந்தையாருக்கும் உணவும் உறைவிடமும். உலகப் புகழ்பெற்ற அவர்க்கு இத்தொகை. அனுபவத்திலும் ஆற்றலிலும் அவருக்குப் பிற்பட்ட இளைய ஆடவர்க்கோ இதனினும் பெருந்தொகை. சில ஆண்டுகள் சென்றபின் இவ்வேறுபாடு அவருக்குத் தெரியவந்தது. பொருளாசை அவரிடம் இருந்ததில்லை. எளிய ஆடையும் எளிய உணவும் அவர்க்குப் போதும். அவ்வெளிமையையே காரணமாகக் காட்டி வாளா இருந்திருக்கலாம். ஆனால் தாம் குறைந்த ஊதியத்தை ஏற்றுக்கொண்டால், தமக்குப் பின் வரும் ஒவ்வொரு பெண்ணின் உழைப்பும் அதே அளவுகோலால் அளக்கப்படும் என்பதை அவர் உணர்ந்தார். கல்லூரி மருத்துவராகவும் உடலியல் பேராசிரியராகவும் இருந்த அலைடா ஏவரி என்னும் மற்றொரு பெண்மணியுடன் சேர்ந்து ஆட்சிக்குழுவிடம் ஊதிய உயர்வு கோரினார். இருவரும் விடாது வலியுறுத்தவே, குழு இணங்கியது. ஒத்த பணிக்கு ஒத்த ஊதியம் என்னும் கோரிக்கை அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் வெற்றி கண்ட முற்கால நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று.

டென்வரில் மறைந்த சூரியன்

1873ஆம் ஆண்டு பாசுடன் மருத்துவர் எட்வர்டு கிளார்க்கு ஒரு நூல் வெளியிட்டார். ஆடவரைப்போல் கடுமையாகப் படிக்கும் பெண்களின் உடல்நலம் கெடும், தாய்மைக்குரிய ஆற்றல் குன்றும் என்பது அந்நூலின் சாரம். வாசர் கல்லூரி மாணவி ஒருத்தியையே அவர் எடுத்துக்காட்டாகக் கூறினார். அந்நூல் மிகுதியாக விற்றது. பெற்றோர் பலர் அஞ்சினர். மருத்துவர் ஏவரி அதற்கு மறுப்பு எழுதினார். அம்மையாரின் மறுப்போ எழுத்தில் அமையவில்லை, செயலில் அமைந்தது.

1878 சூலை 29ஆம் நாள் மேற்கு அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் தெரிய இருந்தது. அதனை ஆராயப் புறப்பட்ட ஆடவர் குழுக்கள் பலவற்றுக்கு அரசு பொருளுதவி அளித்தது. அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த மரியா, அரசின் உதவியை எதிர்பாராமல், முன்னாள் மாணவியர் சிலரைத் திரட்டி, ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் இரயிற் பயணம் செய்து கொலராடோவிலுள்ள டென்வர் நகரை அடைந்தார். போட்டி இரயில் நிறுவனங்கள் இரண்டின் பூசலால் அவர்களுடைய கருவிப் பெட்டிகள் வழியில் சிக்கிக்கொண்டன. தொலைநோக்கியின் ஆடிகள் வந்து சேருமா என்பதே ஐயமாயிற்று. அவை வந்து சேர்ந்தபோது நகரில் மழை. ஆனால் கிரகண நாளன்று வானம் தெளிந்தது. நகர்ப்புறத்துக் குன்றின்மேல் கூடாரமடித்து, தொலைநோக்கிகளை நிறுத்தி, ஒருவர் நொடிகளை எண்ண, மற்றவர் நோக்க, மூன்று நிமிடத்துக்கும் குறைவான அந்த இருளில் அப்பெண்கள் அமைதியாகத் தம் பணியை முடித்தனர். 47 ஆண்டுகளுக்கு முன் நான்டக்கெட்டில் ஒரு சிறுமி நொடிகளை எண்ணியதன் நீட்சியே இது. கல்வியால் பெண் நலிவாள் என்ற வாதத்துக்கு, உயர்நிலத்து வெயிலில் உறுதியோடு நின்ற அப்பெண்களே விடையாயினர்.

வாயிலைத் திறந்து வைத்தல்

1873இல் நியூயார்க்கு நகரில் பெண்கள் முன்னேற்றச் சங்கம் தோன்றியபோது அதனை நிறுவியவர்களுள் மரியாவும் ஒருவர். அடுத்து வந்த ஆண்டுகளில் அதன் தலைவராகவும் விளங்கினார். 1876இல் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டில், அறிவியலுக்குப் பெண்கள் தேவை என்னும் பொருள்பற்றி உரையாற்றினார். பெண்களுக்கு அறிவியல் தேவை என்று கூறுவது ஒன்று. அறிவியலுக்குப் பெண்கள் தேவை என்று கூறுவது மற்றொன்று. முன்னது இரங்கிக் கேட்பது. பின்னது உரிமையோடு உரைப்பது. நுண்ணிய கவனமும் பொறுமையும் பழகிய பாதி மனித இனத்தை விலக்கி வைத்ததால் இழப்பு அறிவியலுக்கே என்பதை அவர் எடுத்துக்காட்டினார். சங்கத்தின் அறிவியல் குழுவுக்குத் தலைமை ஏற்று, நாட்டின் பல பகுதிகளிலும் எத்தனை பெண்கள் அறிவியல் கற்கின்றனர், கற்பிக்கின்றனர் என்பதை வினாப் படிவங்கள் அனுப்பித் திரட்டினார். வானத்தை அளந்தவர் சமுதாயத்தையும் அளந்தே பேசினார்.

அவர் ஏற்றிய விளக்கிலிருந்து பல விளக்குகள் ஒளிபெற்றன. மேரி விட்னி என்னும் மாணவி, பெண்களைச் சேர்க்காத ஆர்வர்டில் கணிதப் பேராசிரியர் பியர்சின் விரிவுரைகளை விருந்தாளியாக மட்டுமே அமர்ந்து கேட்டார். பின்னர் அம்மையாரின் இடத்துக்கே வாரிசாக வந்து வாசர் வானாய்வகத்தை நடத்தினார். எல்லன் சுவாலோ மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இடம்பெற்ற முதல் பெண். 1873இல் வேதியியலில் பட்டம் பெற்றார். கிறிஸ்டின் லாடு சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குரிய பணிகளை 1882இல் முடித்தார். பெண் என்பதால் அப்பட்டம் அவருக்கு மறுக்கப்பட்டு, 44 ஆண்டுகள் கழித்து 1926இல்தான் வழங்கப்பட்டது. அன்டோனியா மோரி ஆர்வர்டில் விண்மீன்களின் நிறமாலைகளை வகைப்படுத்தினார். 1897இல் வெளிவந்த அவ்வாராய்ச்சி அவர் பெயர் தாங்கியே வெளிவந்தது. டென்மார்க்கு அறிஞர் எர்ட்சுபிரங்கு அவ்வகைப்பாட்டின் துணையால் பேருருவ விண்மீன்களைப் பிரித்தறிந்தார். தன் உழைப்பு தன் பெயரால் அறியப்பட வேண்டும் என்னும் மோரியின் உறுதியில் ஆசிரியரின் சாயலைக் காணலாம்.

உடல்நலக் குறைவால் 1888இல் பணியினின்று ஓய்வு பெற்ற மரியா மிட்செல், 1889 சூன் 28ஆம் நாள் லின் நகரில் எழுபதாம் வயதில் மறைந்தார். நான்டக்கெட்டில், பெற்றோர் துயிலும் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அத்தீவில் 1902இல் அவர் பெயரால் ஒரு சங்கமும், 1908இல் ஒரு வானாய்வகமும் அமைந்தன. நிலவின் குழிகளுள் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவை யாவற்றினும் நினைக்கத்தக்க நிகழ்ச்சிகள் இரண்டு உண்டு. ஒன்று, 1894இல் நடந்தது. வாசரில் பயின்ற மார்கரெட்டா பாமர், பெண்களுக்கு முனைவர் பட்டம் வழங்க யேல் பல்கலைக்கழகம் முதன்முறையாக முன்வந்தபோது அதனைப் பெற்ற எழுவருள் ஒருவர். அவர் ஆராய்ந்த பொருள், 1847ஆம் ஆண்டு வால்மீனின் சுற்றுப்பாதை. பட்டம் பெறாத ஆசிரியர் கண்ட வால்மீனின் வழியைக் கணித்தே மாணவி பட்டம் பெற்றார்.

மற்றொன்று, 1943இல் நடந்தது. அமெரிக்கக் கலை, அறிவியல் கழகம் மரியாவுக்குப் பின் பெண்களை மீண்டும் தேர்ந்தெடுத்த ஆண்டு அது. இடையில் கழிந்தவை 95 ஆண்டுகள். அவ்வாண்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களுள், விண்மீன்கள் பெரும்பாலும் ஐட்ரசனால் ஆனவை என்று 1925இல் காட்டிய வானியல் அறிஞர் செசிலியா பெய்ன்-கபோசுகின் ஒருவர். ஒரு பெண்ணை உள்ளே விட்டுவிட்டு, நூறாண்டுக்கு ஐந்தாண்டு குறைய அக்கதவு மூடியே இருந்தது. ஒருவர்க்குக் கிடைக்கும் சிறப்பு பலருக்குக் கிடைக்கும் உரிமையாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இதனை முன்னறிந்தே மரியா மிட்செல் தம் புகழோடு அமைதி கொள்ளவில்லை. ஊதியம் கேட்டார், இரவைக் கேட்டார், கருவியைக் கேட்டார், பெயரைக் கேட்டார். தமக்கென அன்று, தம்மைத் தொடர்ந்து வருவோர்க்கெனக் கேட்டார். வானத்தைப் பாடும் ஒவ்வொரு கவிஞரும், அவ்வானத்தின் ஒரு மூலையில் இரண்டு நாள் முந்திக் கண்ட அந்தக் கண்களை நினைவில் கொள்வது நன்று.